ஆள் பார்த்தால் தின்னாத பாம்பு

என் கையெழுத்து நன்றாக இருக்காது. கோழி கிளறிய மண்போல இருக்கும் என்று என் தங்கை சொல்வாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே பெரிய ற போடுவது, எங்கே சின்ன ர போடுவது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கீழ்வீட்டுப் பெண் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் சென்னையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் அதையும் முழுதாக நம்பிவிட முடியாது. வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில், ஓர் அபார்ட்மென்ட் வளாகத்தில் எனக்கு வேலை. என் தங்கை நர்ஸாக இந்த நாட்டுக்கு வந்து, சிட்டிசன் ஆகி, எங்களுக்காக மனுப் போட்டாள். அது கைகூடி வருவதற்குள் எனக்கும் என் மனைவிக்கும் தலை நரைத்துவிட்டது. ஊரில் கோபிப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், இங்கே வந்து காலியான வீடுகளைச் சுத்தம் செய்து, சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை அடைத்து, பெயின்ட் அடித்து, அடுத்துக் குடிவருகிறவர்களுக்குத் தயார் செய்துகொடுக்கிறேன். எனக்குத் தோதான வேலைதான். காலி வீட்டில் யாரோடும் பேச வேண்டியதில்லை. வளாகத்திலேயே எங்களுக்கு ஒரு சின்ன வீடும் கொடுத்திருந்தார்கள்.

போகிறவர்கள் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்தாலே யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். நம்மவர்கள் என்றால் அடுப்புக்கு மேலே மஞ்சள் கறையும், அலமாரி மூலையில் பாதி அரிசி மூட்டையும் இருக்கும். சாமி காலண்டரை மட்டும் குப்பையில் போட மனம் வராமல் ஆணியிலேயே விட்டிருப்பார்கள். யூனிவர்சிட்டிப் பையன்கள் என்றால் பாட்டில்களும், கிழிந்த சோபாவும், வீடு முழுக்கச் சிகரெட் நாற்றமும்.

1998-ம் வருஷம் ஜனவரியில் அப்படி ஒரு பையன் வீட்டைத் திறந்தேன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று மேனேஜரம்மா சொல்லியிருந்தார். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தான். வெளியே பனி, உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர். படுக்கையறை மூலையில், துணிக்குவியலுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. மேலே கம்பிவலை மூடி. மூடியின் மேல் ஒரு விளக்கு, பல்பு உடைந்திருந்தது. உள்ளே மரத்தூள், காய்ந்த பீங்கான் கிண்ணம், பழைய பெல்ட் ஒன்று. பெல்ட்டை எடுத்துக் குப்பைப் பையில் போடலாம் என்று மூடியைத் திறந்தேன். பெல்ட்டின் நடுப்பகுதி மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. மூச்சு விடுகிறது!

நான் கதவு வரைக்கும் ஓடிவிட்டேன். தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊரில் வயலில் பாம்பு தட்டுப்பட்டால் முதலில் வரப்பேறி ஓடுகிறவன் நான்தான். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தேன். அது என்னைத் துரத்தவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

மேனேஜரம்மாவைக் கூட்டிவந்தேன். பெரிய உடம்புக்காரர், கையில் எப்போதும் காபி இருக்கும், நல்ல மனசு. எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ மை காட்" என்று சொல்லி இரண்டடி பின்னால் போனார். பையனின் நம்பருக்குப் போன் போட்டார். அந்த நம்பரே இப்போது இல்லை என்று வந்தது. டவுன் ஆபீஸ்காரர்களைக் கூப்பிட்டால் வந்து எடுத்துப் போவார்கள், ஆனால் இந்த நிலைமையில் இருப்பதற்கு ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று கையால் ஜாடை காட்டிச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். அந்த ஜாடை முழுதாகப் புரிந்தது.

"ஐ டேக்" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறாள். எனக்கே தெரியாது. அந்தக் கண்ணாடியின் குளிர் கையிலேயே இருந்தது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மேனேஜரம்மா என்னை ஒருமாதிரி பார்த்தார். வேலைக்காரர்கள் வீட்டில் பிராணிகள் வளர்க்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு உடம்பு சரியாகும்வரை வைத்துக்கொள்ளலாம், சரியானதும் வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். நான் தலையாட்டினேன்.

தொட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மீன் தொட்டியா? யாரு குடுத்தாங்க?"

"மீனில்ல."

"பின்னே?"

நான் போர்வையை விலக்கினேன். மாவுக் கையோடு அவள் சமையல் மேடையை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உசிரோட இருக்குதுங்களா?"

"இருக்குது. குளுருல வெறைச்சுக் கெடக்குது. உடம்பு சரியாகற வரைக்குந்தான்."

"கல்லுக்கு ஊத்துன பாலுக்கெல்லாம் இப்பத்தான் பதில் வந்துருக்குதாட்ட இருக்குது" என்றாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. நாக தோஷம், உங்கள் வம்சத்தில் யாரோ பாம்பை அடித்திருக்கிறார்கள் என்று ஊரில் சொன்னார்கள். வாய்க்கால் கரை அரசமரத்தடியில் நாகர் கல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் அதற்குப் பால் ஊற்றி, மஞ்சள் பூசி, மரத்தைச் சுற்றி வந்தாள். நான் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. அவள் நடந்தாள், நானும் நடந்தேன். ஒரு வயதுக்குப் பிறகு அவளே நிறுத்திவிட்டாள். அதன்பின் பாம்பு என்ற பேச்சே எங்கள் வீட்டில் வந்ததில்லை. அவள் அப்படிச் சொன்னதும்தான் நான் எதை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"எங்கீங்க விடுவீங்க, பனியிலயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மாவு பிசையத் தொடங்கினாள்.

தொட்டியைப் படுக்கையறையில் ஹீட்டர் ஓரமாக வைத்தேன். அவள் ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் எழுந்தபோது அவள் தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு தட்டில் ஆறிய பாலோடு நின்றாள். தொட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. என்னிடம் நீட்டி, "வெச்சுட்டு வாங்க. வந்துருச்சு, என்ன பண்றது. மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லோ" என்றாள்.

வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பாம்பு தலையைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து, தட்டின் விளிம்பில் மோதி, வாயைப் பாலில் வைத்தது. அப்படியே இருந்தது. தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. பால் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது.

என் மனைவி எப்போது என் பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியாது. கண்ணில் தண்ணீர் நிற்க, கைகூப்பிக்கொண்டிருந்தாள். "வாங்கிக்கிச்சுங்க. பாருங்க, வாங்கிக்கிச்சு" என்றாள். ஓடிப்போய்க் கீழ்வீட்டுப் பெண்ணையும் கூட்டிவந்துவிட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு வந்தாள். கண்ணாடிக்குள் பார்த்தவள் முதலில் கைகூப்பினாள். அடுத்த நிமிஷம் கட்டில் மேல் ஏறிவிட்டாள்.

"ஆன்ட்டி! இது நிஜப் பாம்பு! நீங்க சொன்னத சாமி போட்டோன்னு நெனச்சேன்!"

"போட்டோவுக்கு எதுக்கு அம்மிணி பால் வெக்கோணும்?"

"ஐயோ அங்கிள், இத மொதல்ல ஒரு வெட் டாக்டர்கிட்ட காட்டுங்க. தோலெல்லாம் அரைகுறையா உரிஞ்சு ஒட்டிட்டிருக்கு பாருங்க. நான் கால் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கறேன். நாளைக்கு சாட்டர்டே, நானே டிரைவ் பண்றேன். ஆனா ஒரு கண்டிஷன், அது என் பக்கம் திரும்பக் கூடாது."

மறுநாள் காலை தொட்டி நாறியது. பாம்பு வெள்ளையாகக் கழிந்து, அதிலேயே புரண்டு கிடந்தது. முதல்நாள் இருந்த அசைவுகூட இல்லை. ஆஸ்பத்திரியில் போனில் சொன்னபடி அதைத் தலையணை உறைக்குள் விட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து, உறையின் வாயைக் கயிற்றால் கட்டப் பார்த்தேன். எனக்கு முடிச்சே விழவில்லை. கடைசியில் என் மனைவிதான் கயிற்றை வாங்கிக் கட்டினாள். "இந்த உறை இனி எனக்கு வேண்டாமுங்க" என்றாள்.

காரில் அந்தப் பெண் வாய் ஓயவில்லை. "அங்கிள், மூடி டைட்டா இருக்குல்ல? அது வெளிய வந்துச்சுன்னா நான் ஹைவேலயே காரை விட்டுட்டு ஓடிடுவேன், சொல்லிட்டேன்."

"நீ ஓடீட்டீன்னா நாங்க எப்படி அம்மிணி ஊடு போய்ச் சேர்றது? இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பாம்புக்குந் தெரியாது" என்றாள் என் மனைவி.

பாம்பு, ஆமை, கிளி இவற்றுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். குழந்தையைத் தூக்குவதுபோல உறையிலிருந்து எடுத்தார். இந்த ஜாதிக்கு விஷம் கிடையாது, ஆப்பிரிக்காவில் உள்ள சின்ன மலைப்பாம்பு என்று அந்தப் பெண் எங்களுக்குச் சொன்னாள். டாக்டரம்மா முதுகில் விரலை ஓட்டிக் காட்டினார். எலும்பு வரப்பு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. பழைய சட்டை உரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தது. செதிலுக்கு அடியில் கடுகு மாதிரி உண்ணிகள். கண்ணுக்கு மேலேயும் பழைய தோல் படிந்து, கண் இருக்கிற இடம் பால் சிந்திக் காய்ந்ததுபோல இருந்தது. அடுத்த சட்டை சரியாக உரிந்தால் அதோடு சேர்ந்து வந்துவிடும், நகத்தால் நோண்டக் கூடாது. ஆனால் உள்ளே கண் நன்றாக இருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது. பிழைக்குமா என்பதே இரை எடுப்பதைப் பொறுத்தது.

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பால் என்று அந்தப் பெண் சொன்னாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டார். கிண்ணம் காய்ந்து கிடந்ததைச் சொன்னேன். அவர் மெதுவாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் என் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே அதைத் தமிழில் சொன்னாள்.

"ஆன்ட்டி, அது பாலுன்னு குடிக்கலயாம். தாகமாம். ரொம்ப நாளா தண்ணியே இல்லாததால, என்ன வெச்சிருந்தாலும் குடிச்சிருக்குமாம். பால் அதுக்கு டைஜஸ்ட் ஆகாதாம்."

திரும்பி வரும்போது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பிடாரன் ஒருவன் வருவான். கூடையைத் திறப்பான், நாகம் படமெடுக்கும். யாராவது ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைப்பார்கள். அது குனிந்து குடிக்கும். தெருவே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நானும் போட்டுக்கொண்டிருக்கிறேன். கூடைக்குள் அதற்கு யார் தண்ணீர் வைத்திருப்பார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும். அவனுக்கும் பிழைப்பு. வாய் வறண்டு வந்த ஒன்று கிடைத்ததைக் குடித்தது. நாங்கள் அதை அருள் என்று எடுத்துக்கொண்டோம். பொய் என்று சொல்ல வரவில்லை. கும்பிட்டவர்கள் மனசு பொய்யில்லை. ஆனால் கும்பிட்ட கைகளில் ஒன்றாவது ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அந்தத் தட்டைச் சாம்பார்ப் பாத்திரத்தோடு போட்டுத் தேய்த்தாள். வேறொரு கனமான கிண்ணம் எடுத்துத் தண்ணீர் நிரப்பி, அவளே கொண்டுபோய்த் தொட்டிக்குள் வைத்தாள். முதல் தடவையாக அவள் கை உள்ளே போனது.

"தண்ணி வெக்கோணுமுன்னு ஒருத்தருக்கும் தோணலீங்களே" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைக் கும்பிடவில்லை. பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

மூட்டு வலிக்கு அவள் வைத்திருந்த கரன்ட் ஒத்தடப் பட்டை தொட்டிக்கு அடியில் போனது. "எனக்கு வலி பளகிப்போச்சு" என்றாள். டாக்டரம்மா கொடுத்த மருந்தை வைத்து உண்ணிகளை ஒழித்தோம். மரத்தூளை எறிந்துவிட்டுத் தினமும் காகிதம் மாற்றினோம். ஒளிந்துகொள்ள ஒரு ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பேன். ஒரு நாள் அவள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "சித்தெ எண்ணெ தேச்சு ஊத்துனா தோலு எளகுமுங்களே" என்றாள். வேண்டாம், முதலில் கீழ்வீட்டுப் பெண்ணை விட்டு டாக்டரம்மாவிடம் போனில் கேட்கலாம் என்றேன். எண்ணெய் கூடாது, ஈரத்துணி போதும் என்று பதில் வந்தது. என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, குழாய் மாதிரி சுருட்டிப் பிடித்தேன். பாம்பு அதற்குள் நுழைந்து மெல்ல நகர்ந்து மறுபக்கம் வந்தது. வேட்டியில் பழைய சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் புதுத் தோல், காபிக்கொட்டை நிறமும் மஞ்சளுமாக. அதற்கு இவ்வளவு அழகான நிறம் உண்டு என்று அன்றுதான் பார்த்தோம். என் மனைவி வேட்டியின் இன்னொரு பாதியையும் நனைத்துக்கொண்டு வந்தாள்.

கண் மட்டும் அப்படியே மூடிக் கிடந்தது.

உடம்பு தேறியதும் இரை வைக்கச் சொன்னார்கள். கடையில் செத்த எலியை உறைய வைத்து விற்கிறார்கள். அதைக் காபி டின்னுக்குள் போட்டு ஃபிரீசரில் ஒளித்து வைத்தேன். அன்றே அகப்பட்டுவிட்டேன்.

"ஏனுங்க! தேங்காத் துருவலு பக்கத்துல என்னத்த வெச்சிருக்கறீங்க?"

"பாம்புக்கு."

"பிள்ளையாரு வாகனத்தக் கொண்டாந்து ஃபிரீசருல வெக்கறீங்களே, அடுக்குமுங்களா?"

"ஞாயித்துக்கெழம கோழி திங்கறமல்ல?"

"கோழி எந்தச் சாமிக்கு வாகனமுங்க?"

"சேவல் முருகங் கொடியில இல்லியா?"

நான் அவளைப் பேச்சில் மடக்கியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். தேங்காய்த் துருவலை மட்டும் எடுத்துக் கீழ்வீட்டு ஃபிரீசரில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

ஆனால் பாம்பு தின்னவில்லை. எலியை வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து ஆட்டுவேன். அது நாக்கை நீட்டிப் பார்க்கும். பிறகு தலையை உடம்புச் சுருளுக்குள் புதைத்துக்கொள்ளும். இடைவெளி விட்டு மறுபடி முயன்றேன். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி பார்ப்பாள். கீழ்வீட்டுப் பெண்கூட ஆபீஸ் விட்டு வந்து கதவோரம் நின்று, "சாப்பிட்டுச்சா அங்கிள்? இன்னுமா இல்ல?" என்று பார்ப்பாள். எங்களுக்கு எலி வீணானதுதான் மிச்சம். முதுகெலும்பு மறுபடி எழும்ப ஆரம்பித்தது. டாக்டரம்மாவிடம் திரும்பவும் போனோம். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம், இல்லையென்றால் தொண்டைக்குள் குழாய் விட்டு ஊட்ட வேண்டியிருக்கும், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்பது சந்தேகம்தான் என்றார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை பாடும் பட்டு, கண்ணைத் திறக்காமலே அது போய்விடுமோ என்று இருந்தது. மறுபடியும் எலியை ஆட்டிக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சிரித்துவிட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"என்ன சிரிப்பு?"

"இது உங்களாட்டமேதானுங்க."

"என்னது?"

"மறுவீட்டுக்கு எங்கூட்டுக்கு வந்தப்ப என்ன பண்ணுனீங்க? எங்கம்மா கறியுஞ் சோறுமா எலை நெறயப் போட்டாங்க. புது மாப்பிள்ளை திங்கறதப் பாக்கோணுமுன்னு சனமெல்லாஞ் சுத்தி நின்னுச்சு. நீங்க ரெண்டு வாய் தின்னுட்டுக் கைய மடிச்சுட்டீங்க. மாப்பிள்ளைக்கு வவுத்துல ஏதாச்சும் சீக்கான்னு எங்கப்பன் கேட்டாரு. எனக்கா மானம் போச்சு. அப்பறம் நாந்தான் நெல்லு மூட்டை வெச்ச அறையில எலையப் போட்டு, கதவச் சாத்திட்டு வந்தேன். வழிச்சுத் தின்னீங்களா இல்லியா?"

தின்றேன். அது எனக்கும் நினைவிருந்தது. அந்த அறையில் யார் எனக்கு இலை போட்டார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அவள் அம்மா என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

"எந்திரிங்க" என்றாள். எலியைக் காகிதத்தின் மேல் வைக்கச் சொன்னாள். பீரோவிலிருந்து பழைய சேலை ஒன்றை எடுத்துத் தொட்டியை நாலு பக்கமும் போர்த்தினாள். விளக்கை அணைத்து, என் கையைப் பிடித்து இழுத்துவந்து, அறைக்கதவைச் சாத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தோம். நான் எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம், "உக்காருங்க. திங்கறவங்க எலைய எட்டிப் பாக்கறதா?" என்று அதட்டினாள். கூடை அவரைக்காய் முழுவதும் உரித்து முடிந்த பிறகுதான் விட்டாள்.

சேலையை விலக்கினோம். காகிதம் காலியாக இருந்தது. பாம்பின் கழுத்துக்குக் கீழே ஒரு புடைப்பு, மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

என் மனைவி சேலையை மறுபடி போர்த்திவிட்டு, வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "தின்னுருச்சு" என்றாள், அவ்வளவுதான். ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அதிலிருந்து சேலை போர்த்தினால் தின்றது. உடம்பு உருண்டது. வசந்தம் வந்து வளாகத்து மரங்கள் துளிர்த்த சமயத்தில் அதன் நிறம் மங்கி, ஷூ டப்பாவை விட்டு வெளியே வராமல் கிடந்தது. சட்டை உரிக்கப் போகிறது என்று தெரிந்து ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது என் மனைவி ஜன்னலோரம் நின்று எதையோ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முழுச் சட்டை, தலை முதல் வால் வரை கிழியாமல். தலைப் பக்கத்தில் கண்ணாடிச் சில் மாதிரி இரண்டு வட்டங்கள். அவற்றோடு பழைய தோலும் அடுக்காகச் சேர்ந்து வந்திருந்தது.

"போய்ப் பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். மிளகு மாதிரிக் கறுத்த இரண்டு கண்கள். நான் பக்கவாட்டில் நகர்ந்தேன். அதன் தலையும் நகர்ந்தது.

அது உங்களை அடையாளம் வைத்துக்கொள்ளாது, அதற்குப் பாசம் எல்லாம் தெரியாது, அதிகபட்சம் உங்களைப் பார்த்துப் பயப்படுவதை நிறுத்தும், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அதில் ரொம்ப ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயப்படாமல் இருப்பது என்ன லேசான காரியமா? இத்தனை வயதில் நான் பயப்படாமல் பக்கத்தில் உட்காரும் ஆட்கள் எத்தனை பேர் என்று யோசித்தேன். என் மனைவி, தங்கை. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

சந்தோஷம் முழுதாக அனுபவிக்கும் முன்னாலேயே எனக்கு மற்றது நினைவுக்கு வந்தது. சரியாகிவிட்டது. சரியானால் கொடுத்துவிட வேண்டும். என் மனைவிக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். சட்டையை மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தவள், "மேனேஜரம்மாகிட்டச் சொல்லீட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. சொல்லோணும்."

"ஆமா, சொல்லோணும்" என்றாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. அவள் அது தெரியாமலே சாப்பிட்டாள்.

கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆபீஸ் கதவு வரைக்கும் போனேன். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். திரும்பிவிட்டேன். எனக்காக ஒன்றைக் கேட்டு எனக்குப் பழக்கமே கிடையாது.

மேனேஜரம்மாவே ஒரு நாள் வந்துவிட்டார். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்க்க வந்தவர், காபியும் கையுமாக, "ஹவ் இஸ் தி ஸ்நேக்? இஸ் ஹி பெட்டர்?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நோ" என்றாள் என் மனைவி. இந்தியக் கடைகளில் பேசிப் பழகிய இங்கிலீஷ் அவளுடையது. "நாட் யெட், மேடம். ஸ்லோ. வெரி ஸ்லோ."

மேனேஜரம்மா அவளைப் பார்த்தார். பிறகு படுக்கையறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அன்று இரை வைக்கும் நாள் இல்லை. தொட்டியில் சேலை இல்லை. பாம்பு தடித்துப் பளபளவென்று ஒத்தடப் பட்டையின் மேல் சுருண்டு கிடந்தது. தலையைத் தூக்கி அவரைக் கண் கொட்டாமல் பார்த்தது. அதற்குக் கொட்ட இமையும் கிடையாது. அவர் கண் சாமி படத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்த சட்டையில் போய் நின்றது.

"யா," என்றார், "ஹி டஸின்ட் லுக் குட் அட் ஆல்." ஒரு மடக்குக் காபி குடித்தார். "டேக் யுவர் டைம்."

குழாயைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. நானே சரிசெய்துகொண்டேன்.

அப்புறமும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எங்கே பார்த்தாலும், குரலில் துளி சிரிப்பும் இல்லாமல், உடம்பு தேறிவிட்டதா என்று கேட்பார். என் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் இல்லை என்பாள். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்ப்பேன். பாம்பு இப்போது என் முழங்கை அளவு தடித்திருக்கிறது. தொட்டி போதாமல் பெரிதாக ஒன்று வாங்கியாகிவிட்டது. ஒத்தடப் பட்டைக்குப் பதிலாக என் மனைவிக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் ஒரு காலி வீட்டின் சாவிக்காக ஆபீசுக்குப் போனேன். உள்ளே மூன்று நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். மேனேஜரம்மா சாவியை நீட்டிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, "இஸ் ஹி பெட்டர்?" என்றார். என் மனைவி கூட இல்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது.

"நாட் யெட்" என்றேன்.

2001 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை.